கீழே ஒரு வரி போடுங்கள்: வேட்பாளர்களுக்கு ஓர் அச்சகக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேட்பாளர்களுக்கும் அவர்களுடைய ஐடி விங் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் வருடம் முழுக்கச் சோறு போடும் வேலைகள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். எல்லாருக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறேன், எந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. பாக்கி வைப்பதில் மட்டும் கட்சிகளுக்குள் பெரிய கொள்கை வேறுபாடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த மடல் அதைப் பற்றியது இல்லை.

உங்கள் பிரசாரம் காகிதத்தை விட்டு போனுக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் தேதி அறிவிப்பதற்கு முன்பே சுவர் பிடிப்பார்கள். வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. இப்போது அந்த ஓட்டமெல்லாம் பூத் வாரியாக வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பதில் இருக்கிறது. தொழில்காரன் என்ற முறையில் எனக்கு இதில் நஷ்டம்தான். ஆனாலும் இதைக் குறை சொல்ல மாட்டேன். கையில் காசில்லாத ஒரு சுயேச்சை, தன் தெருக்குழாயடியில் நின்று ஐந்து நிமிடம் பேசி ஃபேஸ்புக்கில் போட்டால் ஊரே பார்க்கிறது. அதே ஆள் 20,000 நோட்டீஸ் அடிக்க என்னிடம் வந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்குள் திணறிப்போவார். வேட்பாளர் முகத்தை ஓட்டுக் கேட்க வரும் ஒரு நாள் மட்டும் பார்த்த வாக்காளர், இன்று அவர் பேச்சை வேண்டும்போது திருப்பிப் போட்டுக் கேட்கலாம். நல்ல விஷயம்.

என் கேள்வி வேறு. உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, உங்களுக்காக என் போனுக்கு வருகிறதே, அதை வெளியிடுவது யார்?

காகிதத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1961 இல் சேர்த்தது. தேர்தல் நோட்டீஸோ போஸ்டரோ எதுவானாலும் அதிலேயே அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வேலை கொடுக்க வருபவர் ‘வெளியிடுவது நான்தான்’ என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி தர வேண்டும். அவரை நேரடியாகத் தெரிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்து முடித்ததும் உறுதிமொழியில் ஒரு பிரதியையும் நோட்டீஸையும் சேர்த்து மாவட்ட நிர்வாகத்துக்கு நான் அனுப்ப வேண்டும். மூன்று நாளுக்குள் அனுப்பச் சொல்லித் தேர்தல் ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. எத்தனை பிரதி அடித்தேன், என்ன கூலி வாங்கினேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் தேதி அறிவித்ததும் அச்சக உரிமையாளர்களைக் கூப்பிட்டு, கலெக்டர் ஆபீசில் கூட்டம் போட்டு இதையெல்லாம் படித்துக் காட்டுவார்கள். டீ, பிஸ்கட் உண்டு.

அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர் போடும் அந்த ஒரு வரியால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். என்ன ஆகும் என்பதை கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் வருவார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து வைப்பார். எதிர் வேட்பாளரைப் பற்றிய மேட்டர். முதல் பாதி ரோடு, தண்ணீர், ரேஷன் கடை. பின்பாதி அவர் குடும்பத்துச் சங்கதி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். டிராயரைத் திறந்து உறுதிமொழிப் படிவத்தை எடுத்து, மேலே ஒரு பேனாவையும் வைப்பேன். அவர் படிவத்தைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார். “சரி அண்ணாச்சி, இந்தக் கடைசி ரெண்டு பாராவ எடுத்துருவோம்” என்பார். அவ்வளவுதான். பறக்கும் படையும் வரவில்லை, கோர்ட்டும் வரவில்லை. தன் பெயர் கீழே வரப்போகிறது என்று தெரிந்ததும் மனிதர் தன் மேட்டரைத் தானே திருத்திக்கொண்டார்.

போனுக்கு மாறிய பிறகு வேறு மாதிரி ஒரு கோரிக்கை வருகிறது. நோட்டீஸ் டிசைன் முடிந்து புரூஃப் அனுப்பியதும் ஐடி விங் தம்பி கூப்பிடுவார். “அண்ணாச்சி, டிசைன் சூப்பர். கீழ அச்சகம் பேரு, வெளியிடுவோர் பேரு இருக்குல்ல, அந்த வரிய மட்டும் எடுத்துட்டு ஜேபெக்கா அனுப்புங்க. வாட்ஸ்அப்புக்குத்தான்.” ஒரே டிசைன், ஒரே படம், ஒரே வாசகம். காகிதத்தில் போனால் கீழே இரண்டு பெயர் உண்டு. போனில் போனால் அது அனாதை. காகிதம் 5,000 பேர் கைக்குப் போகும். ஜேபெக் எத்தனை பேருக்குப் போகும் என்று அதை அனுப்பியவருக்கே தெரியாது. அதிகம் பரவும் பிரதியில்தான் பெயரை எடுக்கச் சொல்கிறீர்கள்.

அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரி எடுத்தால் படம் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். கேட்க வேண்டியது உங்களைத்தான்.

127ஏ-வில் இன்னொரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. ‘அச்சிடுதல்’ என்றால் என்ன என்று அதில் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கையால் பார்த்து எழுதுவதைத் தவிர, ஓர் ஆவணத்தைப் பல பிரதிகளாகப் பெருக்கும் எந்த முறையும் அச்சிடுதலாகவே கொள்ளப்படும் என்கிறது. பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. நான் வக்கீல் இல்லை, வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு இது செல்லும் என்று வழக்காட வரவில்லை. ஆனால் அதை எழுதியவர்கள் எதை யோசித்தார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. மெஷின் எதுவானால் என்ன, ஒரு பேச்சு ஊர் முழுக்கப் பரவினால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறார்கள்.

சமூக வலைத்தளத்துக்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2013 அக்டோபர் 25 அன்று தேர்தல் ஆணையம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வேட்புமனுவோடு நீங்கள் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் போன் நம்பர், மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்குகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு எம்சிஎம்சி என்ற ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். வலைத்தளங்களுக்குக் கட்டிய பணம் மட்டுமல்ல, வீடியோ தயாரித்த செலவு, கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பையன்களின் சம்பளம் எல்லாம் தேர்தல் செலவுக் கணக்கில் வர வேண்டும். நடத்தை விதிகள் இணையத்துக்கும் பொருந்தும். எல்லாம் சரி.

அதே அறிவுறுத்தலின் கடைசியில் ஒரு சங்கதி இருக்கிறது. வேட்பாளரும் கட்சியும் அல்லாத மற்றவர்கள் போடுவதை என்ன செய்வது என்று அமைச்சகத்தோடு கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதி நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சந்துக்குள் இன்று ஒரு தேரே ஓடுகிறது.

எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரமாணப் பத்திரத்தில் ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஓர் எக்ஸ் கணக்கு, மிஞ்சினால் இன்ஸ்டாகிராம். அந்தப் பக்கத்தில் கைகூப்பிய படம், மாலை மரியாதை, தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல். சண்டை அங்கே நடக்காது. அது நடப்பது தொகுதியின் பெயரையும் ‘குரல்’, ‘விழுதுகள்’, ‘படை’, ‘நண்பர்கள்’ என்று ஏதாவது ஒன்றையும் சேர்த்துத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு முளைத்த பக்கங்களில். மீம்ஸ் அங்கே, எதிராளியின் பழைய வீடியோவை வெட்டி ஒட்டுவது அங்கே, சாதியைத் தொட்டுப் பேசுவதும் அங்கே. கேட்டால் ‘ரசிகர்கள் அன்பில் செய்கிறார்கள், நமக்குச் சம்பந்தமில்லை’ என்பீர்கள். ரசிகருக்கு எம்சிஎம்சி இல்லை, செலவுக் கணக்கும் இல்லை. ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் அந்தப் பக்கம் அப்படியே உறைந்துவிடும். இல்லாவிட்டால் பெயர் மாறி வேலைவாய்ப்புச் செய்தி போட ஆரம்பித்துவிடும்.

உண்மையிலேயே அன்பில் செய்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இருக்கிறான், டூவீலர் மெக்கானிக், வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து தன் தலைவருக்கு வீடியோ எடிட் பண்ணுவான். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவனைப் பற்றி நான் பேசவில்லை. காசு செலவாகும் பக்கங்களைப் பற்றிப் பேசுகிறேன். தொழில்முறை கேமரா, தினம் நான்கு டிசைன், பின்னணிக் குரல், ‘ஸ்பான்சர்ட்’ என்று போட்டு என் கண் முன்னால் வந்து விழும் வீடியோ, இதெல்லாம் அன்பில் மட்டும் ஓடாது. டிசைனுக்கு என்ன வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அந்தத் தொழிலில்தானே இருக்கிறேன்.

இங்கே சட்டம் உங்களை இரண்டு பக்கமும் பிடிக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காக ஒருவர் கூட்டம், விளம்பரம், நோட்டீஸ் என்று செலவு செய்தால் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 176. அனுமதி கொடுத்திருந்தால் அந்தச் செலவு உங்கள் கணக்கில் வர வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் என்று 2022 இல் உயர்த்திய உச்சவரம்புக்குள் அது அடங்க வேண்டும். ஆக, ‘குரல்’ பக்கம் காசு கொடுத்து ஓட்டும் விளம்பரம் ஒன்று உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு நிலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் ஊரில் எல்லாரும் அந்த மூன்றாவது நிலையில்தான் நிற்கிறார்கள். டீக்கும் பிரியாணிக்கும் பந்தலுக்கும் மாவட்டத்தில் விலைப்பட்டியல் போட்டு உங்கள் கணக்கில் ஏற்றும் அதிகாரிகள், ரீல்ஸ் ஒன்றுக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் விழிப்பதும் உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

கட்சி செய்யும் பொதுவான பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஃபேஸ்புக்கும் கூகுளும் 2019 முதல் இந்தியாவில் அரசியல் விளம்பரங்களைத் திறந்த பட்டியலாக வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தேடலாம். நானும் எங்கள் தொகுதிப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பேன். ‘கட்டணம் செலுத்தியவர்’ என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கும். பல நேரம் அது அந்தப் பக்கத்தின் பெயராகவே இருக்கும். ‘விழுதுகளுக்கு’ விளம்பரக் காசு கட்டியவர் யார் என்றால் ‘விழுதுகள்’. வெளியிடுபவர் என்ற இடத்தில் நோட்டீஸின் தலைப்பையே திரும்ப அச்சடித்துக் கொடுத்தால் என் அச்சகம் அடுத்த தேர்தலுக்கு இருக்காது.

பெயர் தெரியாத சரக்கு என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எந்தத் தேர்தல், யார் என்பதெல்லாம் வேண்டாம். ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் ராத்திரி எங்கள் பக்கத்துக் குரூப்களில் ஒரு படம் வந்தது. சுயேச்சையாக நின்ற ஒருவர், பெரிய கட்சி வேட்பாளருக்கு ஆதரவு தெரிவித்து ஒதுங்கிக்கொண்டார் என்று. இருவரும் சால்வையோடு கைகுலுக்கும் படம், ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது. எழுத்துரு, பார்டர் எல்லாம் நாளிதழ் செய்தி மாதிரியே. அந்த மனிதர் விடிய விடிய போன் பேசியே தொண்டை கட்டிப்போனார். ஒரு குரூப்பில் மறுப்புப் போட்டால் பத்துக் குரூப்பில் படம் புதிதாக வருகிறது. காலையில் பூத் வாசலில் வரிசையில் நின்றவர்களே அவரிடம், “என்னப்பா, வாபஸ் வாங்கிட்டியாமே” என்றார்கள். எதிர் வேட்பாளர் விலகிக்கொண்டார் என்ற பொய்யை ஒரு வேட்பாளரோ, அவர் முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ தெரிந்தே பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) இன்படி ஊழல் நடவடிக்கை. தேர்தலே செல்லாமல் போகும் அளவுக்குப் பெரிய குற்றம். ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது? படத்தில் பெயர் இல்லை. முதலில் அனுப்பியவர் யார் என்று குரூப்பில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு முன்னூற்றுச் சொச்சம் ஓட்டு விழுந்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் எவ்வளவு விழுந்திருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்று 126 ஆவது பிரிவு சொல்கிறது. மைக் செட்டை இறக்கிவிடுவீர்கள், கொடி கட்டிய வண்டிகள் நின்றுவிடும், வெளியூர் ஆட்கள் தொகுதியை விட்டுப் போக வேண்டும். போன் மட்டும் ராத்திரி பகல் அடித்துக்கொண்டே இருக்கும். 2019 மார்ச்சில் சமூக வலைத்தள நிறுவனங்கள் தாங்களாகவே ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டன. அந்த 48 மணி நேரத்தில் ஆணையம் சுட்டிக்காட்டும் பதிவின் மேல் மூன்று மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு அது சரி. வாட்ஸ்அப்பில் உள்ளே போவது எதுவும் வெளியே தெரியாதே, ஆணையம் எதைப் பார்த்து எதைச் சுட்டிக்காட்டும்?

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, வீட்டு எண் இருக்கும். போன் நம்பர் இருக்காது. ஆனாலும் பூத் வாரியாக, தெரு வாரியாக நம்பர் வைத்திருக்கிறீர்கள். ஒரு தேர்தல் சமயத்தில் தெரிந்த தம்பி ஒருவர் வந்து, “அண்ணாச்சி, உங்க ஆர்டர் நோட்டுல கல்யாண வீட்டுக்காரங்க நம்பரெல்லாம் இருக்கும்ல, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா” என்று கேட்டார். மகளுக்குப் பத்திரிகை அடிக்க வந்தவர் நம்பி எழுதிக் கொடுத்த நம்பர் அது. முடியாது என்று சொல்லிவிட்டேன். எல்லாக் கடைக்காரரும் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ரீசார்ஜ் கடை, கேஸ் ஏஜென்சி, சீட்டுக் கம்பெனி, நோட்டுகள் எத்தனையோ இடத்தில் இருக்கின்றன. 2023 இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. முக்கியமான பிரிவுகள் நடப்புக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நீங்களாகவே ஒரு காரியம் செய்யலாம். குரூப்பில் சேர்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘இன்னார் மூலமாக உங்கள் நம்பர் கிடைத்தது, சேர்க்கலாமா’ என்று. கேட்காமல் சேர்த்த குரூப்பில் இருந்து வெளியே வந்தால், மறுநாள் வேறொரு நம்பரில் இருந்து மறுபடி சேர்க்கிறார்கள்.

அப்புறம், அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் பேசலாம். ‘உங்களோடு நேரடித் தொடர்பில்’ என்று குரூப்புக்குப் பெயர். வாய்க்கால் தூர்வாரவில்லை என்று நான் எழுத நினைத்தால் பெட்டியே திறக்காது. மக்களோடு இணைகிறோம் என்று நீங்கள் சொல்வதில் இதுவும் சேர்த்தியா? திறந்துவிட்டால் குட் மார்னிங் படங்களும் சண்டையும் வந்து நிரம்பும் என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் கேள்வி கேட்க ஒரு நம்பர் கொடுங்கள். பதில் எழுதுகிறவர் தன் பெயரைப் போட்டு எழுதட்டும். ‘அண்ணன் அலுவலகம்’ என்று மட்டும் போட்டால் போதாது.

ஏஐ பற்றிப் பேசாமல் இந்தக் காலத்தில் மடல் எழுத முடியாது போலிருக்கிறது. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018 இல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு அவருடைய குரலில் அதிமுக ஓர் உரையை வெளியிட்டது. இரண்டும் கட்சிகள் வெளிப்படையாகச் செய்தவை, பார்த்தவர்களுக்கு அது செயற்கை என்று தெரியும். மறைந்த தலைவரைப் பேச வைப்பது சரியா தப்பா என்பதில் எனக்கும் என் அண்ணனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை, அதை விடுங்கள். அந்த இரண்டுக்கும் பின்னால் யார் என்று தெரியும். அடுத்து வருவது அப்படி இருக்காது. உங்கள் குரலில், என் பெயரைச் சொல்லி, எங்கள் தெருப் பிரச்சினையைச் சொல்லி ஒரு போன் வரும். அது நீங்களா, உங்கள் ஆட்கள் செய்ததா, எதிராளி செய்ததா?

2024 மே மாதம், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, டீப்ஃபேக் எனப்படும் ஏஐ போலி வீடியோவோ குரலோ தங்கள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்தில் கட்சிகள் அதை நீக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. 2025 அக்டோபரில் இன்னும் ஒரு படி போனார்கள். ஏஐ கொண்டு செய்த படமோ வீடியோவோ என்றால், திரையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடத்தில் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒலி என்றால் முதல் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் சொல்ல வேண்டும். அதோடு, அதைத் தயாரித்தவர் யார் என்ற பெயரும் கூடவே இருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் அச்சக வரி போனுக்குள் முதல் முறையாக நுழைந்த மாதிரி இருந்தது. மெஷின் செய்த படத்துக்குப் பெயர் போட வேண்டும் என்றால், மனிதன் உட்கார்ந்து செய்த படத்துக்குப் போடுவதில் என்ன கஷ்டம்?

உங்களுக்கே இதில் லாபம் இருக்கிறது. 2024 இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். ஓட்டு மெஷினில் பெயருக்குப் பக்கத்தில் வேட்பாளர் படம் 2015 முதல் இருப்பதால், வாக்காளர் கண்ணைக் கசக்கிப் பார்த்தாவது ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஃபேஸ்புக்கில் உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு பத்துப் பக்கம் இருந்தால் எது நீங்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேட்புமனு போட்ட அன்றே ஒரு பட்டியல் வெளியிடுங்கள். என் பெயரில் பேச இந்தப் பக்கங்களுக்கும் இந்தச் சேனல்களுக்கும் இந்த நம்பர்களுக்கும் மட்டுமே உரிமை உண்டு, இவற்றுக்கான செலவு என் கணக்கில் வரும், மற்றது எதுவும் என்னுடையது இல்லை என்று. பிரமாணப் பத்திரத்தில் எழுதியது ஆணையத்தின் தளத்தில் எங்கேயோ பிடிஎஃபாகக் கிடக்கும், அதைத் தேடிப் போய்ப் படிப்பவர் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. உங்கள் பக்கத்தின் தலையிலேயே அது இருக்கட்டும். ‘விழுதுகள்’ அந்தப் பட்டியலில் இருந்தால் அவர்கள் பேச்சுக்கு நீங்கள் பொறுப்பு. இல்லாவிட்டால் அவர்கள் நாளைக்கு உங்களை மாட்டிவிடும்போது காட்டுவதற்கு உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.

யூடியூப் சேனல் பேட்டிகளுக்கும் இதுதான். காசு கொடுத்து எடுத்த பேட்டி என்றால் அப்படிச் சொல்லிவிடுங்கள். ‘அண்ணே, இவ்வளவு எளிமையா இருக்கீங்களே, எப்படி?’ என்று ஒருவர் கேள்வி கேட்கும்போதே எங்களுக்குப் பாதி விளங்கிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

பெயர் போட்டால் பையன்களுக்கு ஆபத்து என்று ஒரு நண்பர் சொன்னார், ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். அடி விழும், வழக்குப் போடுவார்கள், எதிர்க்கட்சி ஜெயித்தால் கடையை மூட வைப்பார்கள் என்றார். இது கட்டுக்கதை இல்லை, எங்கள் பக்கம் நடந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கீழே வர வேண்டியது அந்தப் பையனின் பெயர் இல்லை. வெளியிடுபவர் என்ற இடத்தில் வேட்பாளரான நீங்கள், அல்லது உங்கள் தேர்தல் முகவர் இருங்கள். மாதம் சம்பளத்துக்கு டிசைன் பண்ணும் 22 வயதுப் பையனை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். காகித நோட்டீஸிலும் எங்கள் கம்பாசிட்டர் பெயர் வருவதில்லை, வெளியிடுபவர் பெயரும் அச்சகத்தின் பெயரும்தான் வரும். சாதாரண வாக்காளர் தன் ஸ்டேட்டஸில் எதையோ போட்டால் அதற்கும் பெயர் கேட்கும் எண்ணம் எனக்கில்லை. பயந்து பயந்து கருத்துச் சொல்கிறவர்கள் பெயரில்லாமலே சொல்லிவிட்டுப் போகட்டும். ஓட்டுக் கேட்கிறவர் தன் முகத்தையும் பெயரையும் எங்களிடம் நீட்டித்தான் கேட்கிறார், அவருக்கு மறைவிடம் எதற்கு?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 127ஏ-வை இணையத்துக்கு நீட்டுங்கள் என்று ஆணையத்துக்குத் தனியாக மனு எழுதியிருக்கிறேன், அது போகிற வேகத்தில் போகட்டும். நீங்கள் அடுத்த டிசைனிலேயே ஆரம்பிக்கலாம். என்ன போடுவது என்று ஐடி விங்கில் குழம்பினால், எங்கள் வரியையே கொஞ்சம் மாற்றித் தருகிறேன்:

‘வெளியிடுபவர்: (பெயர்), தேர்தல் முகவர், (தொகுதி). தயாரிப்பு: (நிறுவனம், ஊர்). வெளியிட்ட நாள்: (தேதி). செலவு வேட்பாளர் கணக்கில். சரிபார்க்க: (பக்கத்தின் முகவரி).’

தேதியை மறக்காதீர்கள். போன தேர்தலில் போட்ட படம் இந்தத் தேர்தலில் புதிது போலச் சுற்றுவதில் பாதி அதனால் நின்றுவிடும். நோட்டீஸில் எட்டு பாயிண்ட்டில் போடுவோம், போனில் அது கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் பெரிதாக வையுங்கள். படத்தின் ஓரத்தில் வைத்தால் வெட்டிவிட்டு ஃபார்வர்ட் பண்ணுவார்கள், உங்கள் சின்னத்துக்கு ஒட்டிக் கீழேயே வையுங்கள். சின்னத்தை யாரும் வெட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரர்,
கோவில்பட்டி வட்டாரம்.